வினைக்கு முறை வகுத்தல்: புத்தளக் கரை புகட்டும் பாடம்

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்கின்றார் என்று கேட்போர் பலர். எவ்வேலையை முதலிற் செய்கின்றார், எதனைப் பின்னர்ச் செய்கின்றார் என்று கேட்போர் மிகச் சிலர். ஆயினும் கைகள் அவையே, கருவிகள் அவையே, நேரமும் அதுவேயாக இருக்க, வேலைகளின் வரிசையை மாற்றிய அளவிலேயே ஒரு பட்டறை தழைப்பதும் மற்றொன்று தடுமாறுவதும் உலகில் நாம் காணும் உண்மை. முதலின்றி வரும் ஊதியம் ஒன்று உண்டாயின், அது நல்ல வரிசையால் வரும் ஊதியமே.

தமிழ் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். செய்யத்தக்க வினை எது, அதற்குரிய வலிமை எவ்வளவு, ஏற்ற காலம் எது, ஏற்ற இடம் எது என்னும் நான்கு வினாக்களும் அங்கே நிரல்பட நிற்கின்றன. அரசனுக்கென அவர் வகுத்த இந்நான்கு வினாக்களையே இன்று தொழிற்சாலைகளிலும், துறைமுகங்களிலும், வைத்தியசாலைகளிலும் பணிகளுக்கு நேரசூசி வகுப்போர் கேட்கின்றனர். அவர்கள் கைக்கொள்ளும் கலையைப் பணிமுறை வகுத்தல் என்று நாம் கூறலாம். அதனைக் கற்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி என நீண்டு கிடக்கும் நமது மேற்குக் கரையே அதற்கு நல்லதொரு பாடசாலையாகும்.

காற்று வகுத்த நேரசூசி

இக்கரையிலே ஆண்டினை இரு கூறாகப் பிரிப்பது காற்று. ஏறக்குறைய மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகின்றது, கடல் கொந்தளிக்கின்றது. ஒக்டோபர் மாதமளவில் கடல் அடங்கத் தொடங்கி, ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றது. கரைவலைத் தொழில் இவ்வமைதிக் காலத்துக்கே உரியது. சோளகம் வலுத்ததும் மேற்குக் கரை மீனவர் பலர், வலையையும் தோணியையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது பரம்பரை வழக்கம். இங்கே கடல் பொங்கும்போது அங்கே கடல் அமைதியாக இருக்கும். வேலை நின்ற இடத்திற் சோம்பியிராது, வேலை உள்ள இடத்துக்கு ஆளையும் கருவியையும் நகர்த்துக என்று மேலாண்மை நூல்கள் இன்று கூறும் விதியை, எழுத்தறியாத முன்னோர் தம் வாழ்விலேயே கைக்கொண்டிருந்தனர்.

கரைவலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே கரையில், ஒரே வேளையில், இரண்டு வலைகளை வளைத்திழுத்தல் இயலாது. வலைகள் பல, கரையோ ஒன்று. ஆகவே இன்னார்க்குப் பின் இன்னார் என்று முறை வைத்தே வலை இறக்குகின்றனர். இந்த முறையை மீறுவது பெருங்குற்றமாக எண்ணப்படும். உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் உற்சவமும் தீமிதிப்பும் ஆடி மாதத்தையொட்டி வருகின்றன. சோளகம் வீசி வலைகள் ஓய்ந்திருக்கும் காலம் அது. ஊர் முழுதும் கூடி நிற்க வேண்டிய விழாவுக்கு இதனினும் பொருத்தமான காலம் வேறு இல்லை.

மீனவனைக் கரையேற்றும் அதே சோளகம் உப்பளத்துக்கு வரமாக வருகின்றது. ஈரத்தை வாங்கிச் செல்லும் காற்றும் மழையற்ற வெயிலும் உப்பு விளைவதற்கு வேண்டுவன அல்லவா? கற்பிட்டிக் குடாநாட்டுக் காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்வதும் அக்காலத்திலேதான். ஒருவனுக்குத் தடையாக வருவது மற்றொருவனுக்கு வாய்ப்பாக வருகின்றது. நம்மால் மாற்ற முடியாத எல்லைகள் எவை, மாற்றக்கூடியவை எவை என்று பிரித்தறிதலே பணிமுறை வகுப்போன் செய்ய வேண்டிய முதல் வேலை. காற்றை மாற்ற முடியாது. காற்றுக்கேற்ப வேலையின் வரிசையை மாற்றலாம்.

கப்பல்களின் கணக்கு

பழந்தொழில்களுக்கு மட்டுமன்றிப் புதிய தொழில்களுக்கும் இக்காற்றே எசமானாக இருக்கின்றது. கற்பிட்டிக் குடாநாட்டிலே நுரைச்சோலையில் அமைந்துள்ள லக்விஜய அனல்மின் நிலையம் நாட்டின் மிகப் பெரிய மின் நிலையமாகும். அதன் முதலாவது இயந்திரம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று இயந்திரங்களும் நிறைவெய்தின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று ஆற்றலுடையது. ஆக மொத்தம் 900 மெகாவாற்று. இந்நிலையத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி வேண்டும். 60,000 தொன் அளவு சுமந்து வரும் பெருங்கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கின்றன. கப்பலிலிருந்து பாரப் படகுகளிலே நிலக்கரியை மாற்றி, இறங்குதுறைக்குக் கொண்டுவந்து கரையேற்றுகின்றனர். சோளகக் காலத்தில் இந்த வேலை நடவாது. ஆகவே, ஆண்டு முழுவதும் எரிய வேண்டிய நிலக்கரி அமைதிக் காலத்துக்குள்ளேயே வந்து குவிய வேண்டும்.

மாணவர்கள் இதனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக, அமைதிக் காலம் 200 நாள், வர வேண்டிய கப்பல்கள் 40 என்று கொள்வோம். அப்படியாயின் 5 நாளைக்கு ஒரு கப்பல் வர வேண்டும். ஒரு கப்பலின் சுமையை இறக்குவதற்கு 4½ நாள் செல்லும் என்றும் கொள்வோம். ஒவ்வொரு கப்பலுக்கும் அரை நாள் மிச்சம் இருக்கின்றது. இப்போது முதற் கப்பல் 40 நாள் பிந்தி வந்தது என்க. எஞ்சிய 160 நாளில் எவ்வளவு முயன்றாலும் 35 கப்பல்களையே இறக்க முடியும். ஐந்து கப்பல்கள் குறையும். அதாவது 3,00,000 தொன் குறையும். ஒக்டோபரில் நேர்ந்த தாமதம் ஓகஸ்ட் மாதத்திலே ஒரு மாணவனின் மேசை விளக்கை அணைக்கக்கூடும்.

இத்தகைய வேலைகளுக்கு நேரசூசியை முன்னிருந்து பின்னாக எழுதுதல் ஆகாது. பின்னிருந்து முன்னாக எழுத வேண்டும். கடைசிக் கப்பல் ஏப்ரல் முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று முதலிலே குறித்துக்கொண்டு, அதற்கு முந்திய கப்பல், அதற்கும் முந்திய கப்பல் எனப் பின்னோக்கிச் சென்றால், முதற் கப்பலின் நாள் தெரிகின்றது. அதற்கு முன்னே கப்பல் அமர்த்த வேண்டும்; அதற்கு முன்னே பணத்துக்கு வழி செய்ய வேண்டும்; அதற்கும் முன்னே விலை கோரி ஒப்பந்தம் முடிக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது நிலக்கரிக் கொள்வனவு தடுமாறி, மின்வெட்டு நீளுமோ என்ற கவலை நாடெங்கும் பரவியதை நாம் மறக்கவில்லை. கடலில் வேலை தொடங்கும் நாளை, பல மாதங்களுக்கு முன்னே ஒரு காரியாலயத்தின் மேசை முடிவு செய்துவிடுகின்றது.

இவ்வாறு பல வேலைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது அவற்றைக் கண்ணால் காணும்படி வரைந்து காட்டுவது பேருதவியாகும். ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1910 களில் இதற்கென ஒரு படத்தைப் பரப்பினார். இடப்புறத்தில் வேலைகளின் பெயர், மேலே நாட்கள், ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை ஒரு கோடு. இன்றும் உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் 1957 இல் டூபொன்ட் என்னும் இரசாயனக் கம்பனியிலும், 1958 இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படையிலும் இன்னொரு முறை உருவாயிற்று. வேலைகளை வலைபோற் பின்னி, அவற்றுள் எந்தத் தொடர் மிக நீளமானது என்று காண்பதே அம்முறை. கல்யாண வீட்டிலே பந்தற்காரர் ஒரு நாள் பிந்தினாலும் சமாளிக்கலாம். ஆனால் தாலிக்குப் பொன்னுருக்கும் நாள் தவறினால் யாவும் தவறும். எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுக் காரியமும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளின் தொடரே உயிர்நாடி. மேற்பார்வை செய்பவரின் கண் அங்கேதான் நிலைத்திருக்க வேண்டும்.

வரிசையின் வலிமை

இனிச் சிறிய பட்டறை ஒன்றைப் பார்ப்போம். கற்பிட்டியில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர் ஒருவர் இருக்கின்றார் என்று கொள்வோம். காலையில் மூன்று இயந்திரங்கள் வருகின்றன. முதலாவதற்கு 6 மணி நேர வேலை. இரண்டாவதற்கு 1 மணி. மூன்றாவதற்கு 2 மணி. வந்த வரிசையிலே செய்தால் அவை 6 ஆம், 7 ஆம், 9 ஆம் மணிகளில் முடியும். மூவரும் காத்திருந்த நேரம் மொத்தம் 22 மணி. சிறிய வேலையை முதலிலும் பெரியதை இறுதியிலும் செய்தால் 1, 3, 9 ஆம் மணிகளில் முடியும். மொத்தம் 13 மணி மட்டுமே. திருத்துபவர் ஒரு நிமிடமும் கூடுதலாக உழைக்கவில்லை. பெரிய வேலைக்காரர் மூன்று மணி கூடுதலாகக் காத்தார். மற்ற இருவரும் ஆளுக்கு ஆறு மணி நேரத்தை மீட்டுக்கொண்டனர்.

குறுகிய வேலை முதலில் என்னும் இவ்விதி காத்திருப்பின் கூட்டுத்தொகையை மிகக் குறைப்பது என்று கணிதம் நிறுவுகின்றது. ஆயினும் அதில் ஓர் அநீதியும் மறைந்திருக்கின்றது. சிறிய வேலைகள் ஓயாது வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலைக்காரர் என்றென்றும் வாசலிலேயே நிற்க நேரும். ஆதலால், தவணை கூறி வேலையேற்கும் தையற்காரரும் தச்சரும் வேறொரு விதியைக் கொள்வது நன்று. எவர்க்குக் கூறிய நாள் முந்தி வருகின்றதோ அவருடைய வேலையை முதலிற் செய்க என்பது அவ்விதி. எந்த வாடிக்கையாளருக்கும் பெருந்தாமதம் நேராதபடி காப்பதில் இதனை வெல்லும் வரிசை இல்லை என்பதை ஜாக்சன் என்னும் அறிஞர் 1955 இல் நிறுவினார். எது நல்ல வரிசை என்று கேட்பதற்கு முன்னே, நாம் எதனைக் காக்க விரும்புகின்றோம் என்று கேட்க வேண்டும். காத்திருப்பையா, கொடுத்த வாக்கையா, இயந்திரத்தின் ஓய்வின்மையையா? விடை மாறினால் வரிசையும் மாறும்.

வேலை இரண்டு கை மாறிச் செல்லுமாயின் சுவை இன்னும் மிகுகின்றது. அதே பட்டறையில் ஒருவர் இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவு செய்கின்றார். அதன்பின் மற்றவர் அதனைப் பூட்டிச் சோதிக்கின்றார். நான்கு இயந்திரங்கள் உள்ளன. கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் முறையே முதலாவதற்கு 5, 2 மணி. இரண்டாவதற்கு 1, 6 மணி. மூன்றாவதற்கு 3, 4 மணி. நான்காவதற்கு 6, 3 மணி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வந்தபடியே செய்தால் யாவும் முடிய 20 மணி ஆகும். இரண்டு, மூன்று, நான்கு, ஒன்று என்று செய்தால் 17 மணியில் முடிந்துவிடும். கடதாசியில் கோடிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இதன் இரகசியத்தை ஜோன்சன் என்பவர் 1954 இல் வெளியிட்டார். எழுதிய எண்கள் எல்லாவற்றுள்ளும் மிகச் சிறியதைத் தேடுக. அது முதல் ஆளின் வேலைக்குரியதாயின் அந்த இயந்திரத்தை வரிசையின் முன்னே வைக்க. இரண்டாம் ஆளுக்குரியதாயின் வரிசையின் பின்னே வைக்க. அதனை நீக்கிவிட்டு மீண்டும் அவ்வாறே செய்க. இரண்டாம் ஆள் காலையில் வேலையின்றி நிற்கும் நேரமும், முதல் ஆள் மாலையில் வேலையின்றி நிற்கும் நேரமும் இதனாற் குறுகிவிடுகின்றன.

இரண்டு ஆட்களுக்கு இவ்வளவு எளிதாக இருக்கும் கணக்கு, ஆட்களும் இயந்திரங்களும் பெருகினால் மலைபோல் வளர்ந்துவிடும். பத்து வேலைகளை ஒரே இயந்திரத்தில் வரிசைப்படுத்துவதற்கே 36,28,800 வழிகள் உண்டு. பத்து வேலைகள், பத்து இயந்திரங்கள் என 1963 இல் ஒரு நூலில் வெளியான கணக்கொன்றுக்கு மிகச் சிறந்த விடை இதுவே என்று நிறுவுவதற்கு 26 ஆண்டுகள் சென்றன. 1989 இலேயே பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனைக் கணினியின் துணைகொண்டு முடித்தனர். இன்றைய கணினிகளும் பெரிய தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் நல்ல விடையையே தேடித் தருகின்றன. மிகச் சிறந்ததுதான் என்று உறுதி கூறுவதில்லை.

உப்பளமும் ஒடுங்கிய மடையும்

அத்தனை வழிகளையும் ஆராயாமலே பெரும்பயன் பெறுவதற்கு ஒரு வழி உண்டு. அதனைப் புத்தளம், பாலாவி உப்பளங்களிலே காணலாம். களப்பு நீர் முதலில் பெரிய தேக்கங்களுக்கு வருகின்றது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளில் நின்று, வெயிலிலும் காற்றிலும் வற்றிக் கடுமையாகின்றது. கடல் நீரின் கடுமை போமே அளவையில் ஏறத்தாழ 3½ பாகை. அது 25 பாகையை எய்தும்போதே உப்பு மணிகள் விழத் தொடங்கும். அதற்குள் நீரின் பத்திலே ஒன்பது பங்கு ஆவியாகிவிட வேண்டும். வழியிலே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்து கழிகின்றன. 29 அல்லது 30 பாகைக்கு மேற்சென்றால் கசப்பான மகனீசிய உப்புக்கள் கலக்கத் தொடங்குமாதலால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இதில் உப்பு விளையும் கடைசிப் பாத்திகளே கண்ணுக்கு அழகானவை. விளைச்சலைப் பெருக்க எண்ணும் ஒருவர் அவற்றையே பெருக்க நினைப்பார். ஆனால் பத்திலே ஒன்பது பங்கு வேலை முந்திய பாத்திகளிலேதான் நடக்கின்றது. அவை தரும் கடுநீர் எவ்வளவோ அவ்வளவே உப்பு. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருப்பினும், ஒடுங்கிய மடை விடும் நீரே வயலுக்குப் போகும். கோல்ட்ராட் என்னும் இஸ்ரேலிய பௌதிக அறிஞர் 1984 இல் ஒரு தொழிற்சாலைக் கதையாக எழுதி உலகெங்கும் பரப்பிய கருத்தும் இதுவே. ஒடுங்கிய மடையைக் கண்டுபிடி. அதனை ஒரு கணமும் ஓயவிடாதே. மற்ற யாவற்றையும் அதன் வேகத்துக்கு அடக்கு. பிற இடங்களில் மிச்சமாகும் ஒரு மணி நேரம் வீண் மயக்கம். மடையிலே இழக்கும் ஒரு மணி நேரம் முழு ஆலையும் இழக்கும் ஒரு மணி நேரம்.

உப்பளத்துக்கு இன்னுமொரு கட்டுண்டு. மழை வந்துவிட்டால் வாரக்கணக்கிற் கடுமையேறிய நீர் ஓரிரவில் நீர்த்துப்போகும். முற்ற விட்டால் மிகுதியாக வாரலாம். மழை முந்திவிட்டால் யாவும் போய்விடும். தகாத காலத்து மழைகளால் உப்பு விளைச்சல் குன்றி, நாற்புறமும் கடல் சூழ்ந்த நமது நாடு 2025 இல் இந்தியாவிலிருந்து உப்பு வருவிக்க நேர்ந்தது. நேரசூசியில் எங்கேனும் சிறிது இடைவெளி விட்டு வைத்தல் சோம்பல் அன்று. எதிர்பாராததற்கு நாம் கட்டும் காப்புறுதி அது.

காத்திருப்போர் கணக்கு

உப்பும் இயந்திரமும் காத்திருந்தால் முறையிடா. மனிதர் காத்திருக்கும் இடங்களிலோ நேரசூசி மனத்தை வருத்தும். ஒரு கிளினிக்கிலே 60 நோயாளர்; ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம் என்று கொள்வோம். அறுபது பேரையும் காலை 8 மணிக்கே வரச் சொன்னால், ஒருவர் சராசரியாக ஒன்றரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி ஆள் மூன்று மணி நேரம் இருப்பார். வைத்தியரின் நேரம் ஒரு கணமும் வீணாகவில்லை. ஆனால் கைக்குழந்தையோடு வந்த தாயின் நேரத்தைக் கணக்கில் எழுதியவர் எவருமில்லை.

பெய்லி என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1952 இல் இதற்கு ஓர் எளிய வழி கூறினார். தொடக்கத்தில் இருவரை வரச் செய்து, பின்னர் ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்துக்கு ஒருவர் வீதம் வரச் செய்தல் என்பதே அது. ஒருவர் எப்போதும் தயாராக இருப்பதால் வைத்தியர் காத்திருப்பது அரிது. நோயாளரும் நெடுநேரம் வாட மாட்டார். பஸ் வரும் நேரம் ஒருவருக்கொருவர் மாறுபடும் நம் ஊர்களிலே நிமிடக் கணக்கு வாய்க்காது என்பர். வாய்க்காவிட்டால், எட்டு மணிக்கு இருபது பேர், ஒன்பது மணிக்கு இருபது பேர், பத்து மணிக்கு இருபது பேர் என மூன்று கூறாக்கினாலே போதும். சராசரிக் காத்திருப்பு ஒன்றரை மணியிலிருந்து அரை மணிக்கு இறங்கிவிடும். கோயில் அன்னதானத்தில் பந்தி பந்தியாக இருத்தும் வழக்கம் உடைய நமக்கு இது கடினமான கலையன்று.

இறால் பண்ணைகளின் நாட்காட்டி

இதுவரை கூறிய நேரசூசிகள் யாவும் ஒரு தலைவரின் ஆணைக்கு உட்பட்டவை. தலைவர் ஒருவர் இல்லாத இடத்தில், ஒருவருக்கொருவர் போட்டியாளராகிய நூற்றுக்கணக்கானோர் ஒரே பொருளைப் பங்கிடும் இடத்தில், முறை வகுப்பது யார்? அதனை மக்கள் காப்பது எங்ஙனம்? இதற்கு விடை கூறவும் இக்கரையே போதும். ஆனால் அவ்விடைக்கு அது பெருவிலை கொடுத்தது.

1980 களிலே புத்தளம் மாவட்டத்தில் இறால் வளர்ப்பு பெருகியது. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளின் ஓரங்களிலும் அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயின் இரு மருங்கிலும் பண்ணைகள் எழுந்தன. ஏற்றுமதியால் பணம் வந்தது. வயலும் தோட்டமும் குளங்களாயின. கண்டற் காடுகளும் அழிந்தன. எல்லாப் பண்ணைகளும் ஒரே கால்வாயிலிருந்து நீர் எடுத்தன. கழிவு நீரையும் அதே கால்வாயிலே விட்டன. ஒருவர் குளத்திலிருந்து வெளியேறிய நீரே மற்றொருவர் குளத்துக்குள் நுழைந்தது.

1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. இது மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரசு. ஆனால் இறாலுக்குக் கூற்றுவன். ஒரு குளத்திலே தோன்றினால் பத்து நாளுக்குள் அக்குளமே வெறுமையாகிவிடக்கூடும். நோய் கண்டவர் அஞ்சி நீரைத் திறந்துவிட, அந்நீர் அயலவர் குளத்துக்கு நோயைக் கொண்டு சென்றது. கடன் பட்டுக் குஞ்சு வாங்கியவர், நகையை ஈடு வைத்துத் தீனி வாங்கியவர் என எத்தனையோ குடும்பங்களின் முதல் சேற்றோடு போயிற்று. 1998 இல் நோய் மீண்டும் தாக்கியது. இன்றும் அக்கரையில் செல்வோர், கைவிடப்பட்டு வெடித்துக் கிடக்கும் குளங்களைக் காணலாம்.

துன்பம் தந்த பாடத்திலிருந்து ஒரு நேரசூசி பிறந்தது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய நீர் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாக நக்டா, பண்ணையாளர் சங்கங்களோடு கூடி வலய வளர்ப்பு நாட்காட்டி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நீர் ஓடும் வழிகளை நோக்கிக் கரையை வலயங்களாகவும் அவற்றைச் சிறு பிரிவுகளாகவும் பகுத்தனர். எந்த வலயம் எந்த மாதங்களில் குஞ்சு விடலாம் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றது. மழை எப்போது, களப்பின் உவர்ப்பு எப்போது மாறும், சென்ற முறை நோய் எங்கே தோன்றியது என்பன யாவும் நோக்கப்படுகின்றன. குஞ்சுகள் நோய்க்கிருமி இல்லாதவை எனச் சோதிக்கப்பட்ட பின்னரே குளத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு வளர்ப்புக்கு ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும். அதன்பின் குளம் வெயிலிற் காய வேண்டும். அவ்வேளையில் வேறொரு வலயம் நீரைப் பயன்படுத்தும்.

இந்த நாட்காட்டியின் உட்பொருளைச் சிந்தித்தல் வேண்டும். இங்கே ஒடுங்கிய மடை எது? குளம் அன்று, தீனி அன்று, ஆள் அன்று. நோயின்றி நீரைத் தாங்கும் களப்பின் ஆற்றலே மடை. அது எவருக்கும் தனிச்சொத்து அன்று. எல்லாரும் ஒருங்கே அதனைப் பயன்படுத்தினால் எல்லாரும் இழப்பர். முறை வைத்துப் பயன்படுத்தினால் ஒவ்வொருவரும் ஆண்டில் சில மாதம் சும்மா இருந்து, எஞ்சிய மாதங்களில் விளைச்சலைக் காணலாம். கரைவலைக்காரர் கரையைப் பங்கிட்டது போலவே இறால்காரர் நீரைப் பங்கிடக் கற்றனர்.

எனினும் ஏட்டிலுள்ள நாட்காட்டி தானே காவல் செய்யாது. சந்தையிலே விலை ஏறும்போது, தன் முறை வருமுன் இரகசியமாகக் குஞ்சு விட ஒருவருக்கு ஆசை வரும். அவர் ஒருவர் விட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் நீருக்கு வேலி இல்லை. ஆகவே நாட்காட்டியின் உயிர் கொழும்பிலுள்ள காரியாலயத்தில் இல்லை. அயலிலுள்ள சங்கத்தின் கூட்டத்திலே இருக்கின்றது. யார் எப்போது குளத்தை நிரப்புகின்றார் என்பதை அயலவர் அறிவர். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, அவர்களே காவலும் செய்யும் இடங்களில் வளம் அழியாது நிலைப்பதுண்டு என்பதை உலகின் பல நாடுகளிலிருந்து சான்று காட்டிய எலினோர் ஒஸ்ட்றம் அம்மையார் 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நமது களப்பின் கரையில் கூடும் சங்கங்களும் அவ்வுண்மைக்கு ஒரு சான்று. நோய் அடியோடு ஒழியவில்லை. அவ்வப்போது அது தலைகாட்டுகின்றது. ஆனால் ஓரிடத்தில் எழும் தீ எல்லா இடத்தையும் ஒருங்கே எரித்துவிடாதபடி, முறை ஒரு வேலியாக நிற்கின்றது.

மாணவர்க்கு

வினைக்கு முறை வகுத்தல் என்பது நிமிடங்களை எண்ணும் கஞ்சத்தனம் என்று கருதுவோர் உண்டு. அது தவறான கருத்து. ஒவ்வொரு நேரசூசியும், யார் முந்துவது, யார் காத்திருப்பது என்னும் தீர்ப்பு. தீர்ப்பு எழுதாதிருந்தாலும் ஒருவர் காத்திருக்கத்தான் போகின்றார். பெரும்பாலும் அவர் குரலற்ற எளியவராக இருப்பார். அத்தீர்ப்பை எண்ணி எழுதுவதும் யாவரும் அறிய எழுதுவதும் நீதியின் ஒரு பகுதியேயாகும்.

ஆகவே, பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தன் பாடங்களுக்கு நாள் குறிக்கட்டும். தனக்கு ஒடுங்கிய மடையாக இருக்கும் பாடம் எதுவோ அதற்கு விடியற்காலையின் தெளிந்த நேரத்தைக் கொடுக்கட்டும். வீட்டை ஆளும் தாய்மார் அரிசி கொதிக்கும் நேரத்திலே காய்கறி அரிந்து, கறி வேகும் நேரத்திலே சம்பல் அரைத்து, இக்கலையை நாள்தோறும் நடத்துகின்றனர். அது வெறும் வேலையன்று, கணக்கு என்பதைப் பிள்ளைகள் உணரட்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது முதுமொழி. தூற்றும் களம் ஒன்றாகவும் தூற்றுவோர் பலராகவும் இருந்தால், முறை வைத்துத் தூற்றிக்கொள்க என்று புத்தளக் கரை அதனோடு ஒரு சொல்லைச் சேர்க்கின்றது.